கொடையாளர் கருத்தரிப்பு குறித்த குடும்ப ஆய்வில் பங்கேற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விந்தணுவையோ கருமுட்டையையோ கருவையோ தானமாகப் பெற்றுக் குழந்தை பெற்றவர்கள், அவ்வாறு பிறந்து வளர்ந்தவர்கள், தானம் செய்தவர்கள், அவர்களுடைய துணைவர்கள், தாத்தா பாட்டிகள் என இத்தகைய ஆய்வுகளுக்கு அழைக்கப்படுவோர் பலர். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒப்புதல் படிவத்தைக் கையில் எடுத்த பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள், தடுமாற்றமும் அங்கேதான் வருகிறது. இங்கே ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி ஏறக்குறைய எப்போதும் இன்னொருவரின் பிறப்பைப் பற்றிய செய்தியாகவும் இருக்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கீழே உள்ள வரிசை அந்த வேலையை முதலில் வைத்து அமைக்கப்பட்டது.

1. வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எதிரே மூன்று செய்திகளைக் குறியுங்கள்: கொடையாளர் உதவியால் கருத்தரித்தது அவருக்குத் தெரியுமா, தெரியுமென்றால் எந்த அளவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது வேறு யாருக்குத் தெரியும். மூன்றாவது செய்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாட்டிக்குத் தெரியும், ஆனால் பாட்டிக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரியாது என்ற நிலையில், ஆய்வாளர் பாட்டியிடம் பேசிய செய்தி மகன் காதில் விழுந்தால் அதுவே ஒரு புதிய வெளிப்பாடாகிவிடும்.

பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘தெரியாது’ என்று எழுத நேர்ந்தால், அடுத்த படிக்குச் செல்லாமல் நிறுத்துங்கள். பிள்ளையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆய்வு உங்களைக் கட்டாயப்படுத்தாது. சொல்லாத குடும்பங்களின் அனுபவமும் ஆய்வுக்கு வேண்டியதுதான். விந்தணு தானக் குடும்பங்களைப் பற்றி 1996-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், பங்கேற்ற பெற்றோரில் ஒருவர்கூட அதுவரை குழந்தையிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்லப்படாத குழந்தை இருக்கும் வீட்டில் கடிதம், மின்னஞ்சல், தொலைபேசி அழைப்பு, வீட்டு வருகை ஆகிய அனைத்துக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டை ஆய்வாளர் தாமாக ஊகிக்க மாட்டார். நீங்கள்தான் முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டும்.

பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருப்பவர்கள், ஆய்வுக்கு முன்பே, ஆய்வோடு தொடர்பின்றி, தாமே சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்தில் உதவிக் கருத்தரிப்புக் குடும்பங்கள் 65-ஐக் குழந்தைகள் 20 வயதாகும் வரை தொடர்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. 7 வயதுக்கு முன்பே உண்மையை அறிந்த பிள்ளைகளுக்குத் தாயுடனான உறவில் கசப்பு குறைவாக இருந்ததாக அது தெரிவித்தது. குடும்பங்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனினும், ஆய்வாளர் வருகிறார் என்பதற்காக முந்தைய நாள் இரவு அவசரமாகச் சொல்லப்படும் செய்தி, அந்தப் பிள்ளையின் நினைவில் ஆய்வோடு ஒட்டிக்கொண்டே தங்கிவிடும். சொல்வதற்கும் பங்கேற்பதற்கும் இடையே சில மாதங்களாவது விடுங்கள்.

2. எவ்வகை ஆய்வு என்பதைப் பிரித்தறியுங்கள்

எல்லா ஆய்வும் குடும்ப வாழ்க்கைக்குள் ஒரே அளவு வருவதில்லை. பெயர் கேட்காத வினாநிரல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆழ்ந்த நேர்காணல் ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும், ஒலிப்பதிவும் செய்யப்படும். வீட்டுக்கு வந்து பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து விளையாடுவதைக் காணொளியில் பதிவுசெய்யும் ஆய்வுகளும் உண்டு. நீண்டகாலத் தொடராய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். உமிழ்நீர் மாதிரி கேட்கும் மரபணு ஆய்வு இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது; அதைப் பற்றி ஐந்தாம் பகுதியில் தனியே சொல்கிறேன்.

முதல் முறையாகப் பங்கேற்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஒருமுறை மட்டும் நிகழும், ஒருவர் மட்டும் பேசும் ஆய்வு. குடும்பம் முழுவதையும் கேட்கும் ஆய்வில் இடையில் ஒருவர் விலகினால் மற்றவர்களுக்குள் மனத்தாங்கல் வரக்கூடும்.

இங்கே பரவலான ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைய வேண்டும். ஆய்வில் பங்கேற்றால் கொடையாளர் யார் என்று தெரிந்துவிடும், அல்லது அதே கொடையாளரால் பிறந்த உடன்பிறப்புகள் கிடைப்பார்கள் என்று சிலர் நம்பி வருகிறார்கள். ஆய்வாளர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை, பெரும்பாலும் அந்தத் தகவலும் இல்லை. அதற்கான வழி அந்தந்த நாட்டுச் சட்டத்திலும் பதிவேட்டிலும் இருக்கிறது. சுவீடன் 1985-இலேயே பெயர் மறைத்த விந்தணு தானத்தை நிறுத்தியது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி பதிவுசெய்த கொடையாளரின் அடையாளத்தை, பிறந்தவர் 18 வயதில் கேட்டுப் பெறலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017-இல், முன்பு பெயர் மறைத்துத் தானம் செய்தவர்களுக்கும் அந்த விதியை நீட்டித்தது. உங்கள் தேடல் இதுவென்றால், ஆய்வுக்கு முன் பதிவேட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆய்வின் நடுவே ஏமாற்றமடைவதை அது தவிர்க்கும்.

3. அழைப்பு உண்மையானதா என்று சரிபாருங்கள்

குடும்பக் கதைகளைத் தேடுபவர்களில் ஆய்வாளர் மட்டுமல்லர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களும் மருத்துவமனைகளின் விளம்பரப் பிரிவினரும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை, ஆனால் பங்கேற்பவருக்குத் தீங்கு நேராதபடி ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் கட்டுப்பாடு அவர்களுக்கு இல்லை. எனவே அழைப்பிதழில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆய்வை நடத்தும் நிறுவனம், பொறுப்பாய்வாளரின் பெயர், நெறிமுறைக் குழு ஒப்புதல் எண், நிதி தருபவர் யார் என்பது. நிதி தருபவர் கருத்தரிப்பு மையமாகவோ மரபணுச் சோதனை நிறுவனமாகவோ இருந்தால் பங்கேற்கக் கூடாது என்பதில்லை. ஆனால் முடிவுகளை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும்.

சரிபார்க்கும்போது அழைப்பிதழில் தரப்பட்டுள்ள எண்ணுக்கே அழைப்பது பயனற்றது. நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண்ணைத் தனியே கண்டுபிடித்து, அங்கிருந்து ஆய்வாளரிடம் இணைக்கச் சொல்லுங்கள். போலி அழைப்பாக இருந்தால் இந்த ஒரே படியில் தெரிந்துவிடும்.

4. முதல் தொடர்பு: பேச வேண்டிய விதத்தை நீங்களே தீர்மானியுங்கள்

முதல் மின்னஞ்சலில் கதையைச் சொல்ல வேண்டாம். பலர் ஆர்வத்தில் கருத்தரித்த ஆண்டு, மருத்துவமனை, குழந்தையின் பெயர் என்று அனைத்தையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த ஒப்புதலும் கையெழுத்தாகியிருக்காது. ஆகவே அந்த மின்னஞ்சலுக்கு ஆய்வின் பாதுகாப்பு முழுமையாகப் பொருந்தாமல் போகலாம். பங்கேற்க விருப்பம், நீங்கள் பெற்றோரா, பிறந்தவரா, தானம் செய்தவரா, ஆய்வை விளக்கும் தகவல் தாள் வேண்டும் என்பவை மட்டும் போதும்.

பிறகு வரும் தொலைபேசி அழைப்பில் முதல் படியில் தயாரித்த தாளை எதிரே வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லுங்கள்: எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், மின்னஞ்சல் தலைப்பில் எந்தச் சொல் இருக்கக் கூடாது, தபால் உறையில் ஆய்வின் பெயர் அச்சிடப்பட்டிருக்குமா. ஒரே கணினியைக் குடும்பமே பயன்படுத்தும் வீட்டில், திரையில் தோன்றும் மின்னஞ்சல் தலைப்பு ஒன்றே போதும், பிள்ளைக்கு விஷயம் தெரிய.

வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் சொற்களையும் சொல்லிவிடுங்கள். சிலர் ‘கொடையாளர்’ என்பார்கள், சிலர் ‘உதவி செய்த மாமா’ என்பார்கள், சிலர் பெயர் சொல்லியே குறிப்பிடுவார்கள். வீட்டு வருகையின்போது ஆய்வாளர் ‘உயிரியல் தந்தை’ என்று சொல்லி, எட்டு வயதுக் குழந்தை அதை முதன்முதலாகக் கேட்க நேர்வது முன்கூட்டியே தவிர்க்கக்கூடிய ஒன்று.

5. தகவல் தாளைப் பின்னாலிருந்து படியுங்கள்

தகவல் தாளின் முதல் பக்கம் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லும். உங்களைப் பாதிக்கும் செய்திகள் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எனவே அங்கிருந்து தொடங்குங்கள். நான்கு இடங்களில் நின்று படிக்க வேண்டும்.

முதலாவது, விலகும் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வாக்கியம் எல்லாத் தாளிலும் இருக்கும். ஆனால் விலகினால் அதுவரை கொடுத்த தரவு என்னவாகும் என்பது வேறு கேள்வி. பெயர் கேட்காத வினாநிரலை அனுப்பிய பிறகு அது யாருடையது என்று ஆய்வாளராலேயே கண்டுபிடிக்க முடியாது, ஆகவே திரும்பப் பெறவும் முடியாது. நேர்காணலுக்கு வழக்கமாக ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள்.

இரண்டாவது, இரகசியத்தின் எல்லை. குழந்தைக்கோ வேறொருவருக்கோ கடும் தீங்கு நேர்கிறது என்று தெரியவந்தால் ஆய்வாளர் உரியவர்களிடம் தெரிவிப்பார் என்று பெரும்பாலான தாள்களில் எழுதியிருக்கும். இது உங்களைச் சந்தேகித்து எழுதப்பட்டதன்று. என்றாலும் எவையெல்லாம் இதில் அடங்கும் என்று கேட்டு அறிந்துகொள்வது உங்கள் உரிமை.

மூன்றாவது, தரவின் பிற்கால வாழ்வு. ஆய்வு முடிந்த பிறகு நேர்காணல்களின் எழுத்துப்படிகளைத் தரவுக் காப்பகத்தில் வைத்து மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்த அனுமதிக்கும் வழக்கம் பெருகிவருகிறது. இதற்கான ஒப்புதல் பெரும்பாலும் படிவத்தில் தனிக் கட்டமாக இருக்கும். அதைக் குறியிடாமல் விட்டாலும் ஆய்வில் பங்கேற்க முடியுமா என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் முடியும்.

நான்காவது, உயிரியல் மாதிரி. உமிழ்நீர் தருவதாக இருந்தால், அது எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், மரபணு வரிசை வெளித் தரவுத்தளங்களுக்குப் போகுமா, உடல்நலம் குறித்து எதிர்பாராத செய்தி தெரியவந்தால் உங்களிடம் சொல்வார்களா என்று மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். மரபணுத் தரவில் பெயரை நீக்குவது போதாது. சுமார் 12.8 லட்சம் பேரின் தரவை வைத்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஐரோப்பிய வம்சாவளியினருக்கான மரபணுத் தரவுத்தளத் தேடல்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உடன்பிறப்போ (கொள்ளுத் தாத்தா பாட்டியின் பெற்றோர் வழியில் உறவாகும் தூரத்து உறவினர்) அதைவிட நெருங்கிய உறவினரோ அகப்படுவார் என்று காட்டியது. அதாவது, தானம் செய்தவர் எந்தச் சோதனையும் எடுக்காவிட்டாலும் அவருடைய உறவினர் ஒருவர் எடுத்திருந்தால் தடம் கிடைத்துவிடுகிறது. நீங்கள் தரும் மாதிரியில் உங்களைத் தவிர மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

6. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்புதல் தரட்டும்

குடும்பத் தலைவரோ பெற்றோரில் ஒருவரோ எல்லாருக்காகவும் சம்மதம் சொல்லிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. துணைவரிடம் படிவத்தைக் கொடுத்து ‘இங்கே கையெழுத்துப் போடு’ என்று சொல்வது ஒப்புதலாகாது. தகவல் தாளின் இன்னொரு படியை அவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள், அவர் தனியாகவே ஆய்வாளரிடம் கேள்வி கேட்கட்டும். கருமுட்டை தானத்தில் தாய்க்கும், விந்தணு தானத்தில் தந்தைக்கும் மரபணுத் தொடர்பு இல்லாமல் இருப்பதால், இருவருக்கும் இந்த ஆய்வு ஒரே எடையில் அமைவதில்லை. மற்றவர் ஆர்வமாக இருக்கிறாரே என்பதற்காக ஒருவர் இணங்கினால், பாதியில் விலகுவது பெரும்பாலும் அவராகவே இருக்கும்.

குழந்தைக்குப் பெற்றோர் சட்டப்படி ஒப்புதல் தருவார்கள். அதோடு குழந்தையின் இசைவையும் தனியே கேட்பது ஆய்வு நெறி. குழந்தை வேண்டாம் என்றால், பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும் வேண்டாம் என்பதே முடிவு. இசைவு கேட்கும் நேரத்தில் பெற்றோர் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டாத குழந்தை அரிது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், இருவர் ஒப்புதலும் தேவையா என்பதை ஆய்வுக் குழுவிடம் முன்பே கேளுங்கள்.

7. குடும்பத்துக்குள் அடையாளம் தெரிவதற்குத் தயாராகுங்கள்

இந்தப் பகுதியை எந்தத் தகவல் தாளும் போதுமான அளவு விளக்கி நான் பார்த்ததில்லை. புனைபெயரும் மாற்றிய ஊரும் வெளியாரிடமிருந்து உங்களைக் காக்கும். உங்கள் துணைவரிடமிருந்தோ மகளிடமிருந்தோ காக்காது. வெளியான கட்டுரையில், தாயும் தந்தையும் முதலில் வெவ்வேறு கொடையாளரைத் தேர்ந்ததாகவும் தாய் இன்றும் அதற்காக வருந்துவதாகவும் ஒரு மேற்கோள் இருந்தால், அந்தத் தந்தைக்கு அது யார் சொன்னது என்று ஒரு நொடியில் தெரியும். பெரும்பாலான குடும்ப ஆய்வுகள் பெற்றோரைத் தனித்தனியே நேர்காண்பதால் இந்த வாய்ப்பு கூடுகிறது.

இதற்கு மூன்று தற்காப்புகள் உண்டு. ஒன்று, ஒரே குடும்பத்தாரின் கூற்றுகளைக் கட்டுரையில் அருகருகே வைப்பீர்களா என்று ஆய்வாளரிடம் கேட்பது. இரண்டு, நேர்காணலின்போதே ‘இதை மேற்கோளாகப் பயன்படுத்த வேண்டாம்’ என்று குறிப்பிட்டுச் சொல்வது. பதிவில் அது இருப்பதால் பிறகு மறக்கப்படாது. மூன்று, துணைவரிடம் இதுவரை சொல்லாததை ஆய்வாளரிடம் முதன்முதலாகச் சொல்லப்போகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்வது. சொல்லக் கூடாது என்பதில்லை. ஆனால் என்றேனும் அது வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று அறிந்தே சொல்ல வேண்டும்.

8. நேர்காணலுக்கு முந்தைய வாரம்

சிகிச்சை தொடங்கிய ஆண்டு, கருத்தரித்த ஆண்டு, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பவற்றை ஒரு காலவரிசையாக எழுதுங்கள். நேர்காணலில் தேதியை நினைவுகூர்வதிலேயே நேரம் கழிந்தால், சொல்ல வேண்டியது விடுபடும். மருத்துவ ஆவணங்களைப் பார்த்துச் சரிபாருங்கள், ஆனால் ஆய்வாளர் எழுத்தில் கேட்டாலொழிய நகல் தர வேண்டாம். அவற்றில் கொடையாளர் குறியீட்டு எண் இருக்கக்கூடும்.

கணவனும் மனைவியும் உட்கார்ந்து பதில்களை ஒத்திகை பார்ப்பது வேண்டாம். இருவர் நினைவும் வேறுபடுவதே ஆய்வுக்குத் தேவையான தரவு. இணையவழி நேர்காணல் என்றால் காதொலிப்பான் அவசியம்: நீங்கள் கதவைச் சாத்தினாலும் கேள்விகள் ஒலிபெருக்கி வழியாக அடுத்த அறைக்குக் கேட்கும்.

9. கேள்விகளுக்கு விடை சொல்லும்போது

வினாநிரலில் ‘தந்தையின் உடல்நல வரலாறு’ என்ற இடம் வந்தால் நின்று கேளுங்கள்: வளர்க்கும் தந்தையா, மரபணு வழியான தந்தையா? உடன்பிறந்தோர் எண்ணிக்கையிலும் இதே குழப்பம் வரும். ஊகித்து நிரப்பிய விடை வெற்றிடத்தைவிடத் தீங்கானது. தெரியாதென்றால் தெரியாது என்றே எழுதுங்கள்.

நல்ல பெற்றோர் என்று காட்டிக்கொள்ளும் விருப்பம் இந்த ஆய்வுகளில் பலமாகவே எழும், ஏனெனில் இத்தகைய குடும்பங்கள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் உலகம் கேட்கிறது என்ற எண்ணம் பங்கேற்பவரிடம் இருக்கிறது. பிள்ளை கோபத்தில் ‘நீங்கள் என் சொந்த அப்பா இல்லை’ என்று சொன்ன நாள் ஒன்று இருந்தால், அதைச் சொல்வதால் குடும்பத்தின் மதிப்பு குறையாது. மாறாக, எல்லாரும் அத்தகைய நாட்களை மறைத்தால், அடுத்து வரும் பெற்றோருக்கு ஆய்வு தரும் அறிவுரை பொய்யாகிவிடும். அதே வேளையில் விருப்பமில்லாத கேள்வியைத் தாண்டலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

கொடையாளரின் பெயரையோ தொழிலையோ ஊரையோ சொல்லாதீர்கள். அவர் இந்த ஆய்வுக்கு ஒப்புதல் தரவில்லை. உறவினரோ நண்பரோ தானம் செய்திருந்தால் இது இன்னும் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டியது. துணைவர் என்ன சொன்னார் என்று ஆய்வாளரிடம் கேட்கவும் வேண்டாம். சொல்லிவிடுகிற ஆய்வாளர் உங்கள் பதிலையும் மற்றவரிடம் சொல்லக்கூடியவரே.

10. முடிந்த பிறகு

அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சைக்கால இழப்புகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் வரிசையாகச் சொல்லி முடித்தவருக்குக் களைப்பு மறுநாள்தான் தெரியவரும். ஆய்வுக் குழு தரும் ஆலோசனை சேவைப் பட்டியலை நேர்காணலுக்கு முன்பே வாங்கி வைத்தால், தேவைப்படும்போது தேட வேண்டியிராது.

எழுத்துப்படியைப் பார்க்க வாய்ப்புத் தந்தால் கட்டாயம் பாருங்கள். பெயர்களைவிடக் கூட்டுத் தடயங்களைத் தேடுங்கள்: இரட்டைக் குழந்தைகள், அரிதான தொழில், வெளிநாட்டில் நடந்த சிகிச்சை ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் உங்களை அறிந்தவருக்குப் பெயர் தேவையில்லை. அவற்றில் ஒன்றை மாற்றவோ நீக்கவோ கேளுங்கள். இதையெல்லாம் விலகுவதற்கான கடைசித் தேதிக்கு முன்பே முடியுங்கள்.

11. தொடராய்வில் இருப்பவர்களுக்கு

வீடு, தொலைபேசி எண், மின்னஞ்சல் மாறினால் தெரிவியுங்கள். மறந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வுக் கடிதம் பழைய முகவரிக்குப் போய் வேறொருவர் கையில் பிரியும். முதல் படியில் எழுதிய தாளையும் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் புதுப்பியுங்கள். முன்பு தெரியாதவருக்கு இப்போது தெரிந்திருக்கலாம், பெற்றோர் பிரிந்திருக்கலாம், கொடையாளருடன் தொடர்பு ஏற்பட்டிருக்கலாம்.

பிள்ளை வயதுவந்தவராகும்போது பெற்றோர் முன்பு தந்த ஒப்புதலை மட்டும் வைத்து அவரைத் தொடரக் கூடாது. அவரிடமே புதிதாகக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், குழந்தைப் பருவத்தில் பதிவான காணொளிகள் என்னவாகும் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்தக் கேள்வியை அவர் சார்பில் பெற்றோர் பதிலளித்து முடிக்காமல், ஆய்வுக் குழுவின் தொடர்பு விவரத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.